பதினைந்தாம் பக்கம்

"பார்த்தா படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. பிள்ளைங்க படிக்கிற புத்தகத்தை இப்படியா வெட்டுறது?"

குழந்தைகள் வார்டே திரும்பிப் பார்த்தது. ஏழாம் நம்பர் கட்டிலருகே பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

வாசலருகே நின்று கத்தியவள் புக் ஆன்ட்டி. தினமும் மாலை நாலு மணிக்குத் தள்ளுவண்டியில் காமிக்ஸ் கொண்டுவருவாள். கொடுக்கும்போது சிரிப்பாள். திரும்ப வாங்கும்போது பக்கம் எண்ணுவாள்.

"நான் எதையும் வெட்டலையே மேடம்," என்றபடி அம்மா வண்டியருகே போனாள்.

"அப்போ இது என்ன?"

'வெள்ளிச்சிறகி பிறந்த கதை'. பதினாலாம் பக்கத்துக்கு அடுத்து பதினேழு. நடுவில் ஒரு தாளைக் காணோம். கிழிசல் இல்லை. கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தது.

"நேத்து உங்க கட்டிலுக்குக் கொடுக்கிறப்ப முழுசா இருந்துச்சு. எண்ணித்தான் கொடுத்தேன்."

இருக்கிற தவிப்பு போதாதென்று இது வேறா என்றிருந்தது அம்மாவுக்கு. ஆறு மணிக்குள் அவள் மாடியில் பெரியவர்கள் வார்டில் போய்ப் படுக்க வேண்டும். நாளைக் காலை அவளுடைய சிறுநீரகம் ஒன்றை எடுத்து, ஒன்பது வயது மகளுக்கு வைக்கப்போகிறார்கள். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தே அவளுக்கு ராத்தூக்கம் இல்லை. மகள் எதிரில் மட்டும் சிரித்த முகம்.

பிள்ளை பயந்து பிரஷர் ஏறினால் ஆபரேஷனைத் தள்ளிவைக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏற்கெனவே ஒருமுறை தள்ளிவைத்தாகிவிட்டது. இன்னொரு தடவையை மகளின் உடம்பு தாங்காது.

பக்கம் தாவியது அம்மாவுக்கும் தெரியும். நேற்று தன் ரத்தப் பரிசோதனை முடிந்து வந்து, அந்தக் கதையை மகளுக்குப் படித்துக் காட்டியதே அவள்தான். சாகக் கிடக்கும் சின்னப் பெண்ணுக்கு, அவள் அம்மா தன் நெஞ்சிலிருக்கும் ஒளியில் பாதியை எடுத்துக் கொடுக்கிறாள். அடுத்த பக்கத்திலேயே அந்தப் பெண் சிறகோடு பறந்துகொண்டிருக்கிறாள்.

"நடுவுல ஏதோ விட்டுப்போச்சே?"

"பைண்டிங் சரியில்லம்மா. நான் சொல்றேன் கேளு. அவங்கம்மா ரெண்டு நாள் நல்லாத் தூங்குறாங்க. அப்புறம் எழுந்து பல் தேய்க்கிறாங்க. அவ்வளவுதான்."

"நல்ல கதைடி! சூப்பர் ஹீரோ கதையில பல் தேய்க்கிற சீனா?"

இருவரும் சிரித்தார்கள். மனசு ஆபரேஷன் தியேட்டரில் இருந்ததால் அம்மா அதற்குமேல் யோசிக்கவில்லை.

புக் ஆன்ட்டி விடுவதாக இல்லை. வண்டியின் அடித்தட்டில் துழாவி இன்னொரு பிரதியை எடுத்தாள்.

"இந்தத் தாள்தான். நல்லாப் பார்த்துட்டு, எங்க வெச்சீங்கன்னு சொல்லுங்க."

அம்மா பார்த்தாள். பதினைந்தாம் பக்கத்தில் ஒளியைக் கொடுத்த தாய் சரிந்து விழுகிறாள். பதினாறாம் பக்கத்தில் மகள் அழுதபடி அவளை உலுக்குகிறாள். 'அம்மா கண் திறக்கவே இல்லை. அந்தக் கண்ணீரிலிருந்து முளைத்தது முதல் சிறகு.'

எந்தப் புண்ணியவான் வெட்டினானோ, நன்றாக இருக்கட்டும். மகள் கண்ணில் மட்டும் இது பட்டிருந்தால்?

"உங்களுக்குத் தெரியாதுன்னா விடுங்க," என்றாள் புக் ஆன்ட்டி. "இந்தப் படத்தைக் காட்டிக் கட்டில் கட்டிலா நானே விசாரிக்கிறேன். முதல்ல உங்க பொண்ணு."

வண்டி ஏழாம் நம்பரை நோக்கி உருண்டது. அம்மா பாய்ந்து போய் மறித்தாள்.

"நான்தான் வெட்டினேன் மேடம்."

"இப்பத்தானே இல்லைன்னீங்க?"

"பொய் சொன்னேன். மன்னிச்சிடுங்க. அந்தப் புத்தகத்தை உள்ள வையுங்க."

"பிள்ளைக்கு நல்லாத்தான் கத்துக்கொடுக்கறீங்க! இனிமே ஏழாம் நம்பருக்குப் புத்தகம் கிடையாது."

நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டுப் போனாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும். வண்டி கதவைத் தாண்டிய பிறகுதான் அம்மாவுக்கு மூச்சே வந்தது.

மகள் கண்கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏம்மா அப்படிச் சொன்னே?"

"சும்மாடா. பெரியவங்க விஷயம்." அம்மா வழக்கம்போல் சிரித்தாள். "கொஞ்சம் நிமிரு, தலையணையைச் சரி பண்றேன்."

தலையணையைத் தூக்கி உதறினாள். உறைக்குள்ளிருந்து நாலாக மடித்த தாள் ஒன்று விழுந்தது. ஒரு ஓரம் கத்தரித்த மாதிரி நேராக இருந்தது.

அம்மா குனிவதற்குள், ஊசி குத்தியிருந்த கையாலேயே மகள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"படிக்காதம்மா! கதை எழுதினவருக்கு ஒண்ணும் தெரியல. நான் டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். ரெண்டே நாள்ல நீயே எழுந்து பல் தேய்ப்பியாம்."

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இதைப் பார்த்தா நீ பயந்துடுவேன்னுதான் வெட்டினேன். இப்பவே நீ சிரிக்கிறப்பல்லாம் கை நடுங்குது. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"