ஒரு கைச் சோறு

தங்கை சொர்ணத்தின் தட்டில் சுடுசோறு விழுந்ததும், அக்காள் இசக்கியம்மாள் அதிலிருந்து ஒரு கை அள்ளித் திரும்பச் சட்டியில் போட்டுவிடுவாள். வயிறு தெரியத் தொடங்கியதிலிருந்து இப்படித்தான். “போதும்ட்டி. பிள்ள பெருத்துட்டா வெளிய வராது.” சொர்ணம் வாய் திறக்காமல் அரை வயிற்றோடு எழுந்து கை கழுவுவாள். அக்காளின் தலைச்சன் பிள்ளை கொழுகொழுவென்று வளர்ந்து, பாதி வழியில் சிக்கி, நீலம் பாரித்துச் செத்துப் பிறந்ததை அவளும் பார்த்தவள்தான். அக்காள் வேண்டியபடியே பிரசவம் லேசாக முடிந்தது. சொர்ணம் கத்தக்கூட இல்லை. இசக்கியம்மாள் குலசாமியைக் கும்பிட்டு முடிப்பதற்குள் நர்ஸ் தராசைப் பார்த்துவிட்டு, “மாசம் நெறஞ்ச பிள்ளையா இது? இவளப் பட்டினி போட்டீங்களா?” என்றாள். பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். “மூச்சு இருக்கும்போதே தாய்கிட்ட குடுத்துருங்க” என்று துணியில் சுற்றி நீட்டினார்கள். இசக்கியம்மாள் வலது உள்ளங்கையில் வாங்கினாள். அந்தக் கனமும் வெதுவெதுப்பும் அந்தக் கைக்கு நன்றாகத் தெரிந்தவை. கட்டிலிலிருந்து சொர்ணம் இரண்டு கைகளையும் நீட்டினாள். “குடுக்கா” என்றாள். அத்தனை மாதத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.