டர்போவின் விசில்

அந்த லாரி சமதளத்தில் ஒழுங்காக ஓடும். மேடு ஏறினால் மட்டும் எஞ்சின் விட்டுவிட்டுத் திணறி மிஸ் அடிக்கும், அதுவும் எல்லா மேட்டிலும் இல்லை.

"எல்லாம் இந்த நாலாம் நம்பர் இன்ஜெக்டராலதான்! டீசல் தெளிக்கத் துப்பில்ல. கழற்றிக் காயலான் கடைல போடணும்" என்றது, எஞ்சினுக்குள் காற்றை ஊதித் தள்ளும் டர்போ. மேடேறும்போதெல்லாம் விசிலடிக்கும் அதற்கு, லாரியே தன் மூச்சில்தான் ஓடுகிறது என்று நினைப்பு. இன்ஜெக்டர் நடுங்கிப்போனது.

மெக்கானிக் சவரிமுத்து அதைக் கழற்றி, ரெண்டாம் நம்பரோடு இடம் மாற்றிப் போட்டார். மேட்டில் ஓட்டிப் பார்த்தபோது அப்போதும் நாலாவது சிலிண்டரே மிஸ் அடித்தது; ஆக, இன்ஜெக்டர்மேல் தப்பில்லை. அங்கே போகும் வயரைத் தடவிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். கிளிப் உடைந்த வயர் டர்போமேல் சாய்ந்து, அதன் சூட்டில் தோலுருகிக் கிடந்தது. மேடேறுகையில் லாரி குலுங்கும்போதெல்லாம் உள்ளிருந்த செம்பு இரும்பில் பட்டு, இன்ஜெக்டருக்குப் போகும் மின்சாரம் நின்றிருக்கிறது.

"அப்போ காயலான் கடைக்குப் போக வேண்டிய ஆளு நான்தானா?" என்று வழிந்தது டர்போ. "ஏண்டா வயரு, சுடுதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஒவ்வொரு மேட்டுலயும் கத்தினேண்ணே. நீங்க விசிலடிச்சிட்டு இருந்தீங்க."

சவரிமுத்து வயருக்கு உறை மாட்டித் தள்ளிக் கட்டினார். அடுத்த மேட்டில், "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று டர்போ பணிவாகக் கேட்டது. பதிலைக் காதுகொடுத்துக் கேட்கத்தான் நினைத்தது. அதற்குள் விசில் வந்துவிட்டது.