முதல் நாள் படம்

தொட்டும் அழுத்தியும் நடக்கவிட்டும் உடம்பை நேராக்குகிற அந்த அறையில், பத்தாம் நாள் சிகிச்சை முடிந்ததும், சிகிச்சை செய்கிற எஸ்தர் இரண்டு படங்களை மேசைமேல் வைத்தாள். இரண்டும் கட்டம் போட்ட சுவருக்கு முன்னால் எடுத்தவை. முதல் நாள் படத்தில் மங்கையர்க்கரசியின் இடது இடுப்பு வெளியே தள்ளியிருந்தது; வலது தோள் ஒரு கட்டம் இறங்கியிருந்தது. இன்றைய படத்தில் எல்லாம் நேர்கோட்டில் இருந்தன.

“இப்ப எப்படிக்கா இருக்கு?”

மங்கையர்க்கரசி இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். தங்கை சேர்த்துவிட்டதால்தான் வந்திருந்தாள். அழுத்தும்போது ‘என்ன தெரியுது?’ என்று எஸ்தர் கேட்டபோதெல்லாம் ‘உங்க கை தெரியுது’ என்று மட்டும்தான் சொன்னாள்.

எஸ்தர் முதல் படத்தின் இடது இடுப்பில் விரல் வைத்தாள். “எத்தன வருஷமா இந்தப் பக்கமே பை மாட்டுனீங்க?”

“பை இல்ல. எம்பொண்ணு. அவளுக்கு நடக்க வராது. பதினோரு வருஷம் இடுப்புலதான் இருந்தா. ஆவணியில போயிட்டா.”

எஸ்தரின் விரல் படத்தின் மேலேயே நின்றது. முதல் நாள் நிரப்பிய படிவத்தில் விபத்து, அறுவைசிகிச்சை, பிரசவம் எல்லாம் கேட்டிருந்தாள். இதைக் கேட்க அதில் இடமே இல்லை.

“சொல்லியிருக்கலாமேக்கா.”

“நீங்க கேக்கலையேம்மா.”

மங்கையர்க்கரசி எழுந்து கண்ணாடி முன்னால் போய் நின்றாள். இடுப்பை இடப்பக்கம் தள்ளினாள். அது தானாக நடுவுக்கு வந்துவிட்டது. மறுபடி தள்ளிப் பார்த்தாள். அப்போதும் நிற்கவில்லை.

“இது பழையபடி ஆக எத்தன நாளாகும்?” என்று கேட்டாள்.