காயாத சுவர்

"அரே மேஸ்திரி! சுவரு இன்னும் காயலையா?"

ஹெட் கிளார்க் ஜெகநாதன் போட்ட சத்தம், அந்தமானில் கப்பல் வந்து நிற்கும் மாயாபந்தர் ஜெட்டி வரைக்கும் கேட்டிருக்கும். பின்னே என்ன? வெள்ளைக்காரன் காலத்து மரக்கிடங்கைப் பூசி, வெள்ளையடித்து, ஊரிலேயே முதல் ஓவியக் கண்காட்சி. நாளைக்குக் கமிஷனர் வந்து திறக்கப்போகிறார். வாசலுக்கு நேர் எதிரே, நட்ட நடுச் சுவரில், பாய் அகலத்துக்கு ஈரம்!

மேஸ்திரி சொக்கலிங்கம் தலையைச் சொறிந்தார். "என்னமோ தெரியல சார். மத்த இடமெல்லாம் பக்காவா காஞ்சிடுச்சு."

"எனக்குத் தெரியும்யா! ஓடை மணல்னு சொல்லிட்டு கடல் மணலைக் கலந்திருக்கே. உப்பு எங்கே காயும்? பெரிய அதிகாரி வீட்டம்மா தாஜ்மகால் வரைஞ்சு அனுப்பியிருக்காங்க. இங்கே மாட்டினா காகிதம் ஊறி, மும்தாஜ் இன்னொரு தடவை செத்துடுவா!"

"அதை ஓரமா மாட்டிடுங்க சார்."

"நடுவுல மொட்டையா விடவா?"

மேஸ்திரி கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். ஜெகநாதனே மோவாயைத் தடவினார்.

"தகரத்துல ஒரு படம் வந்துச்சே?"

"நம்ம சித்தாள் ரோசலின் வரைஞ்சது சார். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, படகுக்கு அடிச்ச பெயிண்ட் மிச்சத்துல. நீங்கதான் கதவுக்குப் பின்னால மாட்டச் சொன்னீங்க."

"அதைக் கொண்டா. தகரம் ஊறாது. இனிமே ஆபீஸ் வேலைன்னு என் பக்கம் வந்துடாதே!"

மறுநாள் உள்ளே நுழைந்த கமிஷனர் நேரே தகரத்தின் முன்னால் போய் நின்றார். படத்தில் கப்பல் வந்திருக்கிறது. ஊரே ஜெட்டிக்கு ஓடுகிறது.

"அட, நம்ம மாயாபந்தர்! யார் வரைஞ்சது?"

ரோசலின் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே முன்னே வந்தாள். ஒரே கைதட்டல். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நடுவுல வச்சது என் ஐடியா சார்," என்றார் ஜெகநாதன், கூசாமல்.

கூட்டம் கலைந்ததும் ரோசலின் மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, மணல் பூரா ஓடையிலேர்ந்து நான்தானே சுமந்தேன்? கடல் மணல்னு அந்தத் திட்டு திட்டினாரே, ஏன் சும்மா இருந்தீங்க? அப்புறம் சுவரு ஏன் காயல?"

சொக்கலிங்கம் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"கத்தாதே புள்ள! கண்காட்சி இன்னும் ரெண்டு நாள் இருக்கு. நாளைக்கும் கதவு திறக்குமுன்னே, வழக்கம்போல அந்தச் சுவத்துல நாலு வாளி தண்ணி அடிச்சாகணும்!"