சுத்தமான போன்

"ஓனர் யாருய்யா இங்கன?"

பாண்டித்துரை போட்ட சத்தத்தில், ராமநாதபுரம் அரண்மனைப் பக்கமிருந்த அந்தச் சின்ன மொபைல் கடையில் நின்ற நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்தான் சார், சஃபீர். சொல்லுங்க."

பின்னால் நின்ற தங்கை துர்காதேவியின் கையிலிருந்து போனைப் பிடுங்கிக் கண்ணாடி மேஜை மேல் வைத்தான் பாண்டித்துரை.

"இது நீங்க குடுத்ததுதானே?"

"ஆமா சார்."

"இதுக்குப் பதிலா இவகிட்ட ஒரு போனை வாங்கிக்கிட்டீங்களே, அது என்ன போனுன்னு தெரியுமா?"

சஃபீர் துர்காவைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையசைத்தாள்.

"தெரியும் சார்" என்றார் சஃபீர்.

"தெரிஞ்சேதான் பண்ணியிருக்கீங்க! பெங்களூர்ல உக்காந்து மூணு வாரம் தேடித்தேடி வாங்கி அனுப்புனேன். அசல் ஆண்ட்ராய்டு. போன் செஞ்ச கம்பெனிக்காரன் தன் இஷ்டத்துக்கு எதையும் திணிக்காத சுத்தமான போன். அதை அமுக்கிக்கிட்டு இந்தக் குப்பையத் தலையில கட்டியிருக்கீங்க!"

போனைத் திறந்து கூட்டத்துக்குக் காட்டினான்.

"பாருங்க. மழை வருமான்னு பாக்கப் போனா ரம்மி ஆடக் கூப்பிடுது. கால்குலேட்டரைத் தொட்டா கடன் வேணுமாங்குது. பூட்டி வச்சாக்கூட திரையில எவளோ ஒரு நடிகை நிக்கிறா. அழிக்கப் போனா முடியாதுங்குது. நம்ம காசுல வாங்குன போன்ல அவன் கடை விரிக்கிறான்!"

"எனக்கும் இதே தொல்லைதான்ப்பா" என்றார் சார்ஜர் வாங்க வந்த ஒருவர்.

"அண்ணே, போதும். வா போயிருவோம்." துர்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ சும்மா இரு. உத்தரகோசமங்கையில இருந்து பஸ் ஏறி வார பொண்ணு, இவளுக்கு என்ன தெரியப்போவுதுன்னு ஏமாத்தியிருக்கான்."

"ஏமாத்தல சார். அவங்களா கேட்டுத்தான் மாத்துனாங்க."

"நல்ல போனைக் குடுத்துட்டு இதை எதுக்குய்யா கேட்டா?"

"அதை அவங்ககிட்டத்தான் சார் கேக்கணும்."

"பேச்சைப் பாரு! நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன். இப்பவே வீடியோ எடுத்துப் போட்டு உன் கடைய நாறடிக்கிறேன்!"

சஃபீர் உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்து மேஜை மேல் வைத்தார். பாண்டித்துரை அனுப்பிய அதே போன்.

"விக்கல சார். திரும்பத் தேவைப்படலாம்னு வச்சிருந்தேன். எடுத்துக்குங்க."

"மாட்டிக்கிட்டதும் எடுத்து நீட்டுறான் பாத்தீங்களா!" பாண்டித்துரை கூட்டத்தைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தான். "சரி, இதுல இருக்கறதை எல்லாம் அழிச்சிட்டு சிம்மை அதுல போடு."

சஃபீர் கை வைக்கவில்லை. "நான் அழிக்க மாட்டேன் சார்."

"நீ என்ன அழிக்கிறது? எனக்குத் தெரியாதா?"

பாண்டித்துரையே செட்டிங்ஸுக்குள் போனான். எல்லாவற்றையும் அழிக்கவா என்று போன் கேட்டது.

"அய்யோ, வேணாம்ணே!"

துர்கா பாய்ந்து வந்து போனைப் பறித்துக்கொண்டாள்.

"என்னடி ஆச்சு உனக்கு? இந்தக் குப்பையில அப்படி என்ன இருக்கு?"

அவள் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"நீ வாங்கிக் குடுத்த போன்ல பேசுறதைப் பதிவு பண்ணுனா, 'இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது'ன்னு ஒரு பொம்பளைக் குரல் சொல்லுதுண்ணே. ரெண்டு பக்கமும் கேக்குது. இதுல அப்படிச் சொல்லாது."

"அதனால என்ன?"

"அந்தக் குரல் கேட்டதும் உன் மாப்பிள்ளை, 'சாப்ட்டியாம்மா, உடம்பைப் பாத்துக்க'ன்னு தேனாப் பேசுனாரு. லீவுல ஊருக்கு வந்தப்பதான், 'என்னையே பதிவு பண்ணுறியா'ன்னு..."

முடிக்காமல் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். இரண்டு மாதம் முன்னால் அங்கே மாவுக்கட்டு இருந்தது. மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்று மாமியார் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

"வினோத்குமாரையா சொல்ற?" பாண்டித்துரை நம்பாமல் கேட்டான். கோயம்புத்தூர் மில்லில் சூப்பர்வைசர். பாண்டித்துரையே பார்த்து, விசாரித்து, முடித்து வைத்த மாப்பிள்ளை.

துர்கா போனில் ஒரு பட்டியலைத் திறந்தாள். தேதி தேதியாக நீண்டுகொண்டே போனது. ஒன்றைத் தொட்டாள்.

"ஏண்டி, போனை எடுக்க இவ்வளவு நேரமா? எவன்கூடப் பேசிக்கிட்டிருந்த? அன்னைக்குக் கையோட விட்டேன். வெள்ளிக்கிழமை வாரேன். இந்தத் தடவை கட்டுப் போடுறதுக்குக்கூட உன் உடம்புல எதுவும் மிஞ்சாது..."

சஃபீர் போய்க் கதவை இழுத்துச் சாத்தினார்.

பாண்டித்துரையின் முகம் வெளுத்துவிட்டது. சட்டென்று சஃபீர் பக்கம் திரும்பினான். "பாய்... உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"இந்தக் குரலை இப்பத்தான் சார் கேக்கிறேன். கையில கட்டோட வந்து, 'சத்தம் போடாமப் பதிவு பண்ற போன் இருக்கா'ன்னு கேட்டாங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னாங்க. வேற எதுவும் நான் கேக்கல."

பாண்டித்துரையால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தங்கையிடம் திரும்பினான்.

"இவ்வளவு நடந்திருக்கு. கூடப்பிறந்தவன் ஒருத்தன் இருக்கேனே துர்கா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"மூணு தடவை சொன்னேண்ணே. 'அவரு தங்கமான மனுசன், சும்மா பழி போடாத, ஆதாரம் இருக்கா'ன்னு நீதானே கேட்ட?"