வாசிக்காமல் விட்ட பெயர்

லிலோங்வேயில், தேசிய வானொலியில் நண்பகல் மரண அறிவிப்புகளை வாசிப்பவள் தமந்தானி. அன்றைய தாளில், ஏரிக்கரை ஊரில் இருக்கும் தன் தம்பி லிம்பானியின் பெயரும் இருந்தது. அதை மட்டும் வாசிக்காமல் விட்டுவிட்டு, நிகழ்ச்சி முடிந்ததும் அவனுக்குப் போன் செய்தாள். அவனே எடுத்தான்.

“என்னக்கா, என் சாவை நீயே படிச்சுட்ட?”

“நான் படிக்கலடா. தாண்டிட்டேன்.”

“ஊரே உன் குரல்ல கேட்டுச்சு. குழி வெட்டப் போயிட்டாங்க. கண்ணு முன்னாடி நிக்கிறேன், அம்மாவே ‘ரேடியோவே சொல்லிடுச்சே’ங்கிறா.”

“போனை அம்மாகிட்ட குடு.”

அம்மா அழுது ஓய்ந்த குரலில் பேசினாள். “சீக்கிரம் வா, தமந்தானி. குளிப்பாட்டி முடிச்சாச்சு.”

“அம்மா, அவன் இப்பத்தானே எங்கிட்ட பேசினான்.”

“தெரியும்மா,” என்றாள் அம்மா. “குளிப்பாட்டும்போதும் பேசிக்கிட்டேதான் இருந்தான், பாவம்.”