கழுத்தில் தொங்கும் குப்பி

காலனியில் மேசை இல்லை. எச்சில் மாதிரி எடுக்கும் குப்பிகள் ஆள் மாறிவிடக் கூடாதே என்று டாக்டர் ஹேமலதா ஒவ்வொன்றிலும் நூல் கட்டி, அவரவர் கழுத்தில் மாட்டிவிட்டாள். இங்கே மட்டும் ஏன் இத்தனை பேருக்கு நாற்பது வயதிலேயே சிறுநீரகம் கெடுகிறது என்பதை மரபணுவில் தேட வந்தவள் அவள். ஆறு மாதமாக இவர்களின் கதைகளைக் கேட்டுப் பதிவு செய்துவந்த மானிடவியல் ஆய்வாளன் ஜெபராஜும் கூடச் சேர்ந்து மாட்டினான்.

வேப்பமரத்தடியில் கூடியிருந்த யாரும் துப்பவில்லை.

டயாலிசிஸுக்குப் போய்வரும் அங்கம்மாள்தான் வாயைத் திறந்தாள். "எங்க எச்சி தெருவுல விழக் கூடாதுன்னு எங்க பூட்டன் கழுத்துலயும் இப்படித்தான் சட்டி கட்டி விட்டாங்க."

ஹேமலதா பதறி எழுந்தாள். "ஐயோ, நான் அப்படி நெனச்சுக் கட்டலம்மா."

"தெரியும் தாயி. ஊருக்குள்ளயும் எடுத்தீங்கல்ல?"

"எடுத்தோம்."

"அவங்க கழுத்துல கட்டுனீங்களா?"

ஊருக்குள் நாற்காலி போட்டு உட்காரவைத்து, குப்பிகளைத் தட்டில் வைத்து நீட்டியவன் ஜெபராஜ்.

அங்கம்மாள் நூலைக் கழற்றவில்லை. பதிலுக்காக நின்றாள். வெறுங்குப்பி அவள் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.